உணவை மறுத்து வால் மெலிந்தும் எடை குறையாத லெப்பர்டு கெக்கோ: காரணம் என்னவாக இருக்கலாம்?

அந்திமல்லி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் வளரும் பெண் லெப்பர்டு கெக்கோவின் (வளர்ப்புப் பல்லி வகை) உடல்நிலை சில வாரங்களாகச் சரியில்லை. என்ன நோய் என்று இதுவரை உறுதியாகத் தெரியவில்லை என்பதால், தெரிந்த விவரங்கள் அனைத்தையும் இங்கே தருகிறேன்.

அவள் பெயர் பொன்னி. வயது நான்கு. குஞ்சாக இருந்தபோதிலிருந்து தனியாகத்தான் வளர்கிறாள். ஆண் கெக்கோவுடன் ஒருமுறைகூடச் சேர்த்ததில்லை. முதலில் மாவுப்புழுக்களை ஒதுக்கினாள், பிறகு அவளுக்கு மிகவும் பிடித்த டூபியா கரப்பான்களையும் ஒதுக்கினாள், இப்போது இடுக்கியில் பிடித்து முகத்துக்கு முன்னால் காட்டினாலும் ஒருகணம் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். கழுத்தின் அகலத்துக்குக் குறையாமல் பருத்திருந்த வால் மெலிந்து, அதன் வளையங்கள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கிவிட்டன. இந்த இனம் கொழுப்பை வாலில்தான் சேமிக்கிறது என்பதால் அது எனக்குப் பெரும் அச்சத்தைத் தருகிறது.

என்னைக் குழப்புவது எடைதான். நலமாக இருந்தபோது 62 கிராம் இருந்தாள். இப்போதும் 60 கிராமுக்கும் 61 கிராமுக்கும் இடையில்தான் இருக்கிறாள். தராசு சரியாகத்தான் இருக்கிறது. எடைக்கல் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

எச்சப் பரிசோதனையில் ஊசிப்புழுவின் முட்டைகள் சில தென்பட்டன. அதற்கு மருத்துவர் ஃபென்பெண்டசோல் கொடுத்தார். அதன்பின் எடுத்த மாதிரியில் முட்டைகள் இல்லை, ஆனால் பசி திரும்பவில்லை. எக்ஸ்ரேயில் மணலோ குடல் அடைப்போ இல்லை, எலும்புகள் நன்றாக இருக்கின்றன, வயிற்றின் நடுப்பகுதி மட்டும் சற்று மங்கலாகத் தெரிகிறது என்றார். கண்கள் தெளிவாக இருக்கின்றன. தோலை முழுமையாக உரித்தாள், விரல்களில் மிச்சம் எதுவும் ஒட்டவில்லை. இத்தகைய நிலையை யாரேனும் பார்த்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

கல்லிடுக்கு எழுதியது:

இவ்வளவு ஒழுங்காக விவரங்களைத் தந்ததற்கு நன்றி. நோயைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வெப்பத்தைப் பற்றிக் கேட்டுவிடுகிறேன், ஏனெனில் உண்ணாத கெக்கோக்களில் பெரும்பகுதியின் கதை அங்கேதான் முடிகிறது. கெக்கோவின் செரிமானமும் நோய் எதிர்ப்பும் வெளி வெப்பத்தை நம்பியே நடக்கின்றன. மறைவிடத்தின் தரை குளிர்ந்திருந்தால், வயிற்றில் உள்ள இரை செரிக்காது. செரிக்காத வயிற்றோடு இருக்கும் விலங்கு அடுத்த இரையைத் தொடாது.

சூடான மறைவிடத்தின் உள்தரையில் வெப்பம் எவ்வளவு? காற்றின் வெப்பத்தையோ தெர்மோஸ்டாட்டில் (வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியில்) காட்டும் எண்ணையோ நான் கேட்கவில்லை. அகச்சிவப்பு வெப்பமானியால் தரையைக் குறிவைத்து அளந்த எண்தான் வேண்டும். அது 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை இருக்கவேண்டும். குளிர்ந்த பக்கம் 24 முதல் 26 வரை இருந்தால் போதும். இரவில் 20 வரை இறங்கினாலும் நலமான விலங்குக்குத் தீங்கில்லை, நோயுற்ற விலங்குக்கு அவ்வளவு இறங்க விடவேண்டாம்.

கால்சியம் பொடி, வைட்டமின் டி3, புறஊதா விளக்கு ஆகியவற்றின் விவரத்தையும் எழுதுங்கள்.

அந்திமல்லி எழுதியது:

சூடான மறைவிடத்தின் தரை 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25. தெர்மோஸ்டாட்டின் உணரி இடம் மாறவில்லை. தரையில் ஓடு பதித்திருக்கிறேன், மணல் இல்லை. ஈரப்பாசி நிரப்பிய மறைவிடம் ஒன்று தனியாக இருக்கிறது. டி3 கலக்காத கால்சியத்தை இரையின் மேல் தூவுகிறேன். டி3 உள்ள பொடியை இடையிடையே மட்டும் பயன்படுத்துகிறேன். குறைந்த ஆற்றலுள்ள புறஊதா பி விளக்கும் இருக்கிறது.

வரிவால் எழுதியது:

யாரும் சொல்லத் தயங்கும் பெயரை நான் சொல்லிவிடுகிறேன்: கிரிப்டோ. கிரிப்டோஸ்போரிடியம் வரானி என்ற ஒட்டுண்ணி கெக்கோவின் சிறுகுடலைத் தாக்குகிறது. விலங்கு உண்டாலும் சத்து உடலில் சேர்வதில்லை, வால் குச்சியாக மெலிகிறது, எச்சம் நீர்த்துப்போகிறது, சில விலங்குகள் உண்டதைக் கக்குகின்றன. என் வளர்ப்பில் இருந்த கெக்கோக்களை இந்த நோய்க்குப் பறிகொடுத்திருக்கிறேன். அதனால் வால் மெலிகிறது என்று யார் எழுதினாலும் என் மனம் முதலில் அங்கேதான் போகிறது.

வழக்கமான எச்சப் பரிசோதனையில் இதைப் பிடிப்பது கடினம். இதன் முட்டைக்கூடுகள் 4 முதல் 6 மைக்ரான் அளவே உள்ளவை. சாதாரணமாகப் பார்க்கும்போது ஈஸ்ட் என்று கடந்துபோக வாய்ப்புண்டு. தனிச் சாயம் ஏற்றிப் பார்க்கவேண்டும் அல்லது பிசிஆர் (ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் சோதனை) செய்யவேண்டும். நோயுள்ள விலங்கும் எல்லா நாளும் முட்டைக்கூடுகளை வெளியிடுவதில்லை. ஆகவே ஒரேயொரு எதிர்மறை முடிவை வைத்து நிம்மதி அடையவேண்டாம். இரையாகத் தின்ற பூச்சியின் வழியாக வேறொரு கிரிப்டோ இனம் குடலைக் கடந்து வெளிவருவதும் உண்டு. எந்த இனம் என்பதையும் பிசிஆர் முடிவில் கேட்டுப் பெறுங்கள்.

முடிவு வரும்வரை பொன்னியின் இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம், துணி எதையும் வேறொரு ஊர்வனத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். வழக்கமான அளவில் கலந்த பிளீச் இந்த ஒட்டுண்ணியைக் கொல்லாது. கொதிநீராவியும் முழுமையாக உலர்த்துவதும் பயன் தரும். அம்மோனியாக் கரைசலும் உதவும், ஆனால் அதை ஒருபோதும் பிளீச்சுடன் சேர்க்கக்கூடாது, இரண்டும் கலந்தால் நச்சுவாயு எழும். மருந்தைப் பொறுத்தவரை பரோமோமைசின் அறிகுறிகளைத் தணிக்கிறது. நோயை அடியோடு ஒழிக்கும் என்று நம்பி இருக்கமுடியாது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இளந்தளிர் எழுதியது:

காரணம் எதுவாக இருந்தாலும், உண்ணாமல் இருப்பதால் அவள் வலுவிழக்கிறாள் அல்லவா? நோயுற்ற ஊர்வனங்களுக்கான சத்துமாவைக் கரைத்து, ஊசிக்குழலால் வாயைத் திறந்து புகட்டிவிடலாமே? வலிமை வந்தால் தானாகவே உண்ணத் தொடங்கிவிடுவாள் என்று நினைக்கிறேன்.

கல்லிடுக்கு எழுதியது:

இளந்தளிர், உங்கள் கவலை நியாயமானது. ஆயினும் காரணம் தெரியாத நிலையில் வாயைத் திறந்து புகட்டுவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன்.

முதலில், குடலில் அடைப்போ வயிற்றுக்குள் இடத்தை அடைக்கும் கட்டியோ இருந்தால், உள்ளே போகும் உணவுக்கு வழி இருக்காது. கால்சியம் குறைவால் தாடை மென்மையாகிப்போன கெக்கோவின் வாயை வலிந்து திறந்தால் தாடை முறியக்கூடும். பொன்னிக்கு எலும்பு நன்றாக இருக்கிறது என்றாலும், இதைப் படிக்கும் வேறொருவருடைய கெக்கோவுக்கு அப்படி இருக்கவேண்டும் என்பதில்லை. மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடிப்பகுதிக்கு மிக அருகில் இருப்பதால், கலங்கிய விலங்கின் வாயில் நீர்த்த உணவை வேகமாகச் செலுத்தினால் அது நுரையீரலுக்குள் போகும்.

நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய உணவு சேரும்போது, இரத்தத்தில் உள்ள பாஸ்பரஸும் பொட்டாசியமும் உயிரணுக்களுக்குள் சட்டென்று இழுக்கப்பட்டு இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்துபோகும். பட்டினி கிடந்த விலங்கு உணவு கொடுத்த பின்னர் இறந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் முதலில் வெப்பம், அடுத்து நீர்ச்சத்து, அதற்கும் பிறகே சிறிது சிறிதாக உணவு என்ற வரிசையை ஊர்வன மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். பொன்னியின் எடை குறையாமல் இருக்கிறது. எனவே ஆராய நேரம் இருக்கிறது. மூக்கின் நுனியில் ஒரு துளி நீரை வைத்தால் பெரும்பாலான கெக்கோக்கள் நக்கிக் குடிக்கும். இப்போதைக்கு அதைச் செய்யுங்கள்.

செதிலியல் எழுதியது:

நான் ஊர்வனங்களுக்குச் சிகிச்சை தரும் கால்நடை மருத்துவர். நேரில் பார்க்காத விலங்குக்கு நோய் இன்னதென்று முடிவு சொல்ல என்னால் இயலாது; ஆயினும் அந்திமல்லி குறிப்பிட்ட ஒரு செய்தியை நாம் எல்லோரும் கடந்துவந்துவிட்டோம் என்று தோன்றுகிறது.

கிரிப்டோவில் வால் மெலியும்போது எடையும் அதோடு சேர்ந்தே விழும். குடல் சத்தை உறிஞ்சாதபோது உடலில் எதுவும் புதிதாகச் சேர வழியில்லை. இங்கேயோ வால் கரைகிறது, எடை நிற்கிறது. அப்படியானால் வாலிலிருந்து போன பொருள் உடலை விட்டு வெளியேறவில்லை. உடலுக்குள்ளேயே வேறோர் இடத்தில் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு பானையிலிருந்து இன்னொரு பானைக்கு நீரை மாற்றி ஊற்றினால் இரண்டின் மொத்த எடை மாறாதது போலத்தான் இதுவும். வயிற்றில் நீர் கோத்திருக்கலாம், கட்டி வளர்ந்திருக்கலாம், அல்லது நான்கு வயதுப் பெண் கெக்கோவைப் பொறுத்தவரை நான் முதலில் ஐயப்படுவது: சினைப்பையில் முட்டைக் கருக்கள் முதிர்ந்து நிற்கலாம்.

ஆணுடன் சேராத பெண்ணுக்கு முட்டை உருவாகாது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியன்று. பருவம் வந்ததும் கல்லீரல் கொழுப்பையும் புரதத்தையும் மஞ்சள் கருவுக்கான பொருளாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. சினைப்பையில் உள்ள ஃபாலிக்கிள்கள் (முட்டைக் கரு வளரும் சிறு பைகள்) அதை உறிஞ்சிப் பருக்கின்றன. இது ஆண் இல்லாமலேயே நடக்கும். பருத்த ஃபாலிக்கிள்கள் பிறகு இரண்டில் ஒரு வழியில் போகவேண்டும்: வெடித்துக் கருக்குழாய்க்குள் இறங்கி ஓடு சேர்ந்து முட்டையாக வேண்டும், அல்லது மெல்லச் சுருங்கி உடலுக்குள் உறிஞ்சப்பட வேண்டும். சில பெண்களில் இரண்டுமே நடப்பதில்லை. ஃபாலிக்கிள்கள் பருத்த நிலையிலேயே தேங்கிவிடுகின்றன. வயிற்றில் இடம் இல்லாமல் பசி அடங்குகிறது, வாலில் இருந்த கொழுப்பு கருவாக மாறி உள்ளேயே கிடக்கிறது.

எக்ஸ்ரேயில் வயிற்றின் நடுப்பகுதி மங்கலாக இருந்தது என்பதும் இதற்குப் பொருந்துகிறது. ஃபாலிக்கிளில் ஓடு கிடையாது. இந்த இனத்தின் முழு முட்டைக்கும் தோல் போன்ற மெல்லிய ஓடுதான். எனவே எக்ஸ்ரே தெளிவாகக் காட்டாது, அல்ட்ராசவுண்ட் வேண்டும்.

மூன்று கேள்விகள். இரவில் எங்கேனும் மண்ணையோ பாசியையோ தோண்டுகிறாளா? அவளை ஒளி ஊடுருவும் பெட்டியில் விட்டு அடியிலிருந்து பார்த்தால் வயிற்றுத் தோலுக்குள் வெளிறிய உருண்டைகள் தெரிகின்றனவா? பெண் என்பதை எப்படி உறுதி செய்தீர்கள்?

அந்திமல்லி எழுதியது:

தொடைகளுக்கு இடையே வளைந்து ஓடும் துளைவரிசை மிக மங்கலாகத்தான் இருக்கிறது, வாலின் அடியில் இரட்டைப் புடைப்பும் இல்லை; மருத்துவரும் பெண் என்றே உறுதி செய்தார்.

தோண்டுவது உண்மை. ஈரப்பாசி உள்ள மறைவிடத்தில் பாசி முழுவதையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு வெறும் தரையைக் கீறிக்கொண்டிருக்கிறாள். தோலுரிக்கும் காலத்து அமைதியின்மை என்று எண்ணியிருந்தேன். அடியிலிருந்து எடுத்த படத்தில் விலாவின் பின்பகுதிக்கும் பின்னங்கால்களுக்கும் நடுவே, இரு பக்கமும், மங்கிய மஞ்சளாய் வட்ட நிழல்கள் தெரிகின்றன. இந்தப் படத்தோடு மருத்துவரிடம் போகிறேன். வரிவால் சொன்னபடி பிசிஆருக்கும் மாதிரி கொடுக்கிறேன்.

அந்திமல்லி எழுதியது:

இரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, ஆனால் அது என்னை மேலும் குழப்புகிறது. கால்சியம் இயல்பைவிட மிக அதிகம், புரதமும் அதிகம், யூரிக் அமிலம் இயல்பு. முதல் பிசிஆர் எதிர்மறை. அல்ட்ராசவுண்டுக்கு முன்பதிவு செய்திருக்கிறேன்.

வரிவால் எழுதியது:

கால்சியம் அதிகம் என்றால் டி3 மிகுந்துபோயிருக்குமோ? விளக்கும் இருக்கிறது, பொடியும் இருக்கிறது. உடனே டி3 பொடியை நிறுத்துவது நல்லது என்று நினைக்கிறேன்.

செதிலியல் எழுதியது:

டி3 மிகுதி உண்மையான ஆபத்துதான். மென்திசுக்களில் கால்சியம் படிந்து சிறுநீரகம் கெடும். ஆனால் முட்டைக்கு ஆயத்தமாகும் பெண் ஊர்வனத்தின் இரத்தத்தில் கால்சியமும் புரதமும் உயர்வது அதன் உடலியலின் ஒரு பகுதி. கல்லீரல் உருவாக்கும் கருப்புரதம் கால்சியத்தைப் பிணைத்துக்கொண்டு இரத்தத்தில் பயணிப்பதால், மொத்தக் கால்சியம் இயல்பைவிட வெகுவாக ஏறித் தெரியும். உடலில் தனித்து இயங்கும் அயனிக் கால்சியம் அவ்வளவு மாறியிருக்காது. ஆண் கெக்கோவில் இதே முடிவு வந்திருந்தால் நான் அஞ்சியிருப்பேன். இவளிடம் இது என் ஐயத்தை வலுப்படுத்துகிறது. கால்சியம் கொடுப்பதை இப்போது நிறுத்தினால், முட்டை இறங்க நேரிடும்போது கருக்குழாயின் தசை சுருங்க வலுவில்லாமல் போகலாம்.

இவ்வளவு சிறிய விலங்கிடம் இரத்தம் எடுக்கலாமா என்று அஞ்சுவோருக்காக ஒன்று சொல்கிறேன். ஊர்வனங்களின் இரத்த அளவு உடல் எடையில் ஏறத்தாழ 5 முதல் 8 சதவீதம். நலமான விலங்கில் அதில் பத்தில் ஒரு பங்குவரை எடுக்கலாம். 60 கிராம் கெக்கோவுக்கு அது அரை மில்லிலிட்டருக்கும் குறைவு. நோயுற்ற விலங்கில் அதைவிடவும் குறைவாகவே எடுப்போம். வால் கழன்றுவிடும் இனம் என்பதால் வாலில் உள்ள இரத்த நாளத்தைத் தவிர்த்து, மயக்கம் தந்து கழுத்தின் அடிப்பகுதியில் உள்ள பெருநாளத்திலிருந்து எடுப்பதை நான் விரும்புகிறேன்.

அந்திமல்லி எழுதியது:

அல்ட்ராசவுண்டில் தெரிந்துவிட்டது. இரு சினைப்பைகளிலும் பருத்த ஃபாலிக்கிள்கள் இருக்கின்றன. கருக்குழாயில் முட்டை எதுவும் இல்லை. வயிற்றில் இப்போதைக்கு நீர் கோக்கவில்லை. நாள் கணக்கில் இப்படியே இருக்கிறதா என்பதை அறிய இடைவெளிவிட்டு மீண்டும் பார்க்கவேண்டும் என்கிறார் மருத்துவர். அறுவை சிகிச்சை பற்றியும் பேசினார். 60 கிராம் உயிரை அறுத்துத் திறப்பது என்பதை நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

நெடுவழி எழுதியது:

அறுவைக்கு அவசரப்படவேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். என் பெண் கெக்கோவுக்கும் ஒரு பருவத்தில் இதே நிலை வந்தது. ஈரமான வெர்மிகுலைட் (ஈரம் தாங்கும் கனிமத் துகள்) நிரப்பிய முட்டையிடும் பெட்டி ஒன்றைச் சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் இடையில் வைத்தேன், தொட்டியைத் துணியால் மூடி அமைதியாக விட்டேன். அவள் உண்ணாமல் இருந்து, பிறகு படிப்படியாக உண்ணத் தொடங்கினாள். வயிற்று நிழல்கள் தாமாகவே மறைந்துவிட்டன. அதன்பின் எந்தத் தொல்லையும் இல்லை. மயக்க மருந்தின் ஆபத்தை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது.

மற்றொன்று: முட்டை இறங்குவதற்கு ஆக்சிடோசின் ஊசி போடுவார்களே, அதை ஏன் முயலக்கூடாது?

செதிலியல் எழுதியது:

நெடுவழி சொன்னது நடக்கக்கூடியதுதான். பல பெண்களில் ஃபாலிக்கிள்கள் தாமாகவே உறிஞ்சப்படுகின்றன. முட்டையிடும் பெட்டியும் அமைதியும் சரியான வெப்பமும் முதல் சிகிச்சை என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆக்சிடோசினைப் பொறுத்தவரை, அது கருக்குழாயின் தசையைச் சுருக்கும் மருந்து. கருக்குழாயில் முட்டை இருந்து, வழியில் தடையும் இல்லாதபோதுதான் அதற்கு வேலை. அப்போதும் பல்லி இனங்களில் அது எப்போதும் பயன்படுவதில்லை. பொன்னியின் கருக்கள் இன்னும் சினைப்பையை விட்டே வரவில்லை. அங்கே ஆக்சிடோசினால் ஒன்றும் ஆகாது.

காத்திருப்பதற்கு ஒரு எல்லை வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. விலங்கு சுறுசுறுப்பாக இருந்து, நீர் குடித்து, அடுத்த அல்ட்ராசவுண்டில் ஃபாலிக்கிள்கள் சுருங்கியிருந்தால் காத்திருக்கலாம். அவை மாறாமலோ வளர்ந்தோ இருந்து, வால் தொடர்ந்து கரைந்து, விலங்கு சோர்ந்தால் காத்திருப்பது கொடுமை. தேங்கிய ஃபாலிக்கிளின் சுவர் நாளடைவில் நலிந்து கசியும். வயிற்றறைக்குள் சிந்திய மஞ்சள் கரு கடும் அழற்சியை உண்டாக்கும். அந்த நிலையில் அறுவை செய்தாலும் பிழைப்பது அரிது. நலிந்துபோவதற்கு முன்னால், வாலில் சிறிது கொழுப்பு மிஞ்சியிருக்கும்போது அறுவைக்குப் போகும் விலங்கே நன்றாகத் தேறுகிறது. மயக்க மருந்தை அஞ்சித் தள்ளிப்போடும்போது, பிற்பாடு அதே மயக்க மருந்தை இன்னும் பலவீனமான உடலுக்குத் தரவேண்டியதாகிவிடுகிறது.

கல்லிடுக்கு எழுதியது:

அந்திமல்லி, முடிவெடுக்கும் முன்னர் மருத்துவரிடம் கேட்கவேண்டியவற்றைச் சொல்கிறேன். கெக்கோ அளவுள்ள விலங்குகளில் இந்த அறுவையைச் செய்த அனுபவம் அவருக்கு உண்டா. மயக்கத்தின்போது மூச்சுக்குழலில் குழாய் செலுத்திக் கையால் மூச்சு தருவாரா (ஊர்வனங்கள் மயக்கத்தில் மூச்சை நிறுத்திவிடும் இயல்புள்ளவை). அறுவை முழுவதும் உடலின் வெப்பம் எப்படிக் காக்கப்படும். வலிநிவாரணம் என்ன தருவார். இவற்றைக் கேட்பதால் எந்த நல்ல மருத்துவரும் வருந்தமாட்டார். அனுபவம் இல்லையெனில் அவரே வேறொருவரைச் சொல்வார்.

அந்திமல்லி எழுதியது:

முட்டையிடும் பெட்டி வைத்தேன், தொட்டியை மூடி வைத்தேன், மருத்துவர் தோலடியில் நீரேற்றினார். பெட்டிக்குள் போய்த் தோண்டினாள், ஆனால் எதுவும் இடவில்லை. இரண்டாம் பிசிஆரும் எதிர்மறை. அடுத்த அல்ட்ராசவுண்டில் ஃபாலிக்கிள்கள் சுருங்கவே இல்லை. வயிற்றறையில் மெல்லிய படலமாக நீர் தென்படத் தொடங்கியிருந்தது. அன்றே அறுவைக்கு ஒப்புக்கொண்டேன்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. இரு சினைப்பைகளும் நீக்கப்பட்டன. ஒரு ஃபாலிக்கிள் நிறம் மாறி, தொட்டாலே கிழியும் நிலையில் இருந்ததாம். மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: வயிற்றின் நடுக்கோட்டுக்கு அடியில் பெரிய இரத்த நாளம் ஓடுவதால் கத்தியைச் சற்றுப் பக்கவாட்டில் வைக்கவேண்டும், வலது சினைப்பை உடலின் பெருநாளத்தை ஒட்டியே இருக்கிறது, இடது சினைப்பைக்கும் அதன் இரத்தக்குழாய்களுக்கும் நடுவே அட்ரினல் சுரப்பி இருக்கிறது, அதைத் தொடாமல் கட்டவேண்டும். கருக்குழாய்கள் நலமாக இருந்ததால் அவற்றை விட்டுவிட்டார். அறுவைக்குப் பின் எடை 48 கிராம். இத்தனை காலம் தராசு எனக்குக் காட்டிய எடையில் எவ்வளவு அவளுடையது அல்ல என்பது இப்போதுதான் புரிகிறது.

செதிலியல் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. அந்த 48 கிராமைத்தான் இனி நீங்கள் தொடக்க எடையாகக் கொள்ளவேண்டும். 62 என்ற பழைய எண்ணை மறந்துவிடுங்கள்.

தரையில் வெறும் காகிதத் துண்டு விரியுங்கள். பாசியோ வெர்மிகுலைட்டோ தையலில் ஒட்டும். தையல் பிரிக்கும்வரை நீரில் ஊறவைக்கவேண்டாம். ஊர்வனத்தின் தோல் மெதுவாகத்தான் கூடும் என்பதால் தையல் 6 முதல் 8 வாரம்வரை இருக்கவேண்டும். தையலின் ஓரம் வெளிநோக்கி மடிந்திருப்பது இயல்பு, அதைக் கண்டு கவலைப்படவேண்டாம். இடையில் தோலுரித்தால் தையலைச் சுற்றியுள்ள தோலை நீங்கள் இழுக்காதீர்கள். மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணி கொடுத்திருந்தால், நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது சிறுநீரகத்துக்குப் பளு. சூடான மறைவிடத்தை 32 டிகிரியில் இரவும் பகலும் வைத்திருங்கள். உணவை இப்போது அவளே எடுக்கட்டும். எடுக்காவிட்டால் நீர்த்த சத்துமாவை உதட்டின் ஓரத்தில் தடவி நக்கவிடுவது எப்படி என்று உங்கள் மருத்துவர் செய்துகாட்டுவார்.

அந்திமல்லி எழுதியது:

பொன்னி உண்டாள். தலை நசுக்கிய சிறிய கரப்பான் ஒன்றை இடுக்கியிலிருந்து பிடுங்கிக்கொண்டாள், மறுநாள் இன்னொன்று. எச்சமும் வந்தது, பழுப்புப் பகுதி உருண்டு திரண்டும், யூரேட் (திடமான சிறுநீர்க் கழிவு) வெண்மையாகவும் இருக்கின்றன. எடை மெல்ல ஏறுகிறது; இம்முறை வாலும் அதோடு சேர்ந்தே பருக்கிறது. உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. வரிவால், உங்கள் கெக்கோக்களை இழந்த வேதனையோடு நீங்கள் எழுதியதால்தான் பிசிஆரை நான் தவிர்க்காமல் செய்தேன். அது எதிர்மறையாக வந்ததால்தான் துணிவோடு அறுவைக்குச் செல்லமுடிந்தது.

வரிவால் எழுதியது:

படித்ததும் கண் கலங்கிவிட்டது. பொன்னி நீண்டகாலம் நலமாக இருக்கட்டும். இந்த இனம் நன்றாகக் கவனித்தால் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அவளுக்கு இன்னும் காலம் நிறைய இருக்கிறது.

இளந்தளிர் எழுதியது:

என்னிடம் இரண்டு பெண் கெக்கோக்கள் தனித்தனித் தொட்டிகளில் இருக்கின்றன. இதைப் படித்தபின் அச்சமாக இருக்கிறது. பருவம் வரும்போது இருவருமே சில நாள் உண்ணமாட்டார்கள். எப்போது பொறுத்திருக்கவேண்டும், எப்போது மருத்துவரிடம் ஓடவேண்டும்?

செதிலியல் எழுதியது:

பருவகாலத்தில் பெண் கெக்கோ சில வாரங்கள் உணவைக் குறைப்பது இயல்பு. அந்த நாட்களில் முட்டையிடும் பெட்டியை வையுங்கள், கால்சியத்தை விடாதீர்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். அதே நாளில் வாலை மேலிருந்தும் வயிற்றை அடியிலிருந்தும் ஒரே தூரத்தில் படமெடுத்து வையுங்கள். எடை மட்டும் போதாது என்பதைப் பொன்னியின் கதையில் பார்த்தோம். எடை, வால், வயிறு மூன்றையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

உண்ணாவிட்டாலும் வால் பருத்து, கண் தெளிந்து, மாலையில் வெளியே வந்து நடமாடினால் பொறுத்திருக்கலாம். எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலும், எடை நின்று வால் மட்டும் கரைந்தாலும், வயிற்று நிழல்கள் வாரக்கணக்கில் அப்படியே இருந்தாலும் அல்ட்ராசவுண்ட் வசதியுள்ள மருத்துவரிடம் போங்கள். முட்டையிடத் தொடங்கிவிட்டு ஒன்றை மட்டும் இட்டு நிறுத்தினால் காத்திருக்காதீர்கள். இந்த இனம் ஒரு முறைக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டை இடும், மற்றொன்று உள்ளே சிக்கியிருக்கலாம். வயிறு உப்பி, கண் குழிந்து, தூக்கினால் உடல் தொய்ந்து கிடந்தால் அன்றைக்கே போகவேண்டும். கொண்டுபோகும்போது துளையிட்ட சிறு பெட்டியில் காகிதத் துண்டு விரித்து, துணி சுற்றிய வெந்நீர்க் குப்பியைப் பெட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த படங்களையும் எடைக் குறிப்பையும் மறக்காமல் கையோடு எடுத்துச்செல்லுங்கள்.